இளவேனிலும் பனிச்சரிவும்

நம் மல்லசமுத்திரத்துப் பக்கத்தார்க்குப் பனி என்னும் சொல் அச்சம் தருவதன்று. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் நமக்குப் பனியே. ஏரிக்கரையை மறைத்து நின்று, கதிரவன் ஏறியதும் கலைந்துபோகும் வெண்புகையும் பனியே. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்னும் பழமொழியும் குளிரின் மிகுதியைக் கூறுவதேயன்றி, உயிர்க்கேட்டைக் கூறுவதன்று. இவ்வொரு சொல்லால் தமிழர் குறிக்கும் பொருள்களுள் நம் ஊரில் ஒருவரும் தம் வாயிற்படியிலிருந்து காணாதது ஒன்று உண்டு. வானினின்று வெள்ளைத் துகளாய் வீழ்ந்து, மலைச்சாரலில் ஆளுயரத்துக்கு மேலும் அடுக்கடுக்காய்க் குவிந்து, பின்னொரு நாள் ஒருங்கே பெயர்ந்து கீழிறங்கும் வெண்பனியே அது. அங்ஙனம் இறங்குதலைப் பனிச்சரிவு என்கிறோம். அதன் காரணங்களையும், சிறப்பாக இளவேனிற் காலத்தில் அது விளைக்கும் இடரையும் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெண்பனி காணாத சமவெளியார்க்கு இவ்வறிவு எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். மலை நம்மிடம் வாராவிடினும், நம்மவர் மலையிடம் செல்கின்றனர் என்பதே விடை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் புறப்படும் லாரிகள் காஷ்மீரம் வரையில் ஓடுகின்றன. நம் இளைஞர் பலர் படையிற் சேர்ந்து எல்லைப்புறங்களிற் காவல் புரிகின்றனர். கோடை விடுமுறை தொடங்கியதும் வெண்பனியைக் கண்டுவர விரும்பிச் சிம்லா, மணாலி, காங்டாக் முதலிய ஊர்களுக்குப் பயணம் போகும் மாணவர் தொகையும் ஆண்டுதோறும் பெருகுகின்றது. இவர் செல்லும் பங்குனி, சித்திரைத் திங்கள்களே அம்மலைகளில் பனி இளகிச் சரியும் காலம். நம் ஊரில் வெயில் தொடங்கிவிட்டது என்று நாம் வடக்கே குளிர்ச்சி தேடிப் போகும்பொழுது, அதே வெயில் அங்கே வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது.

முதற்கண் பனி அங்கு வந்து சேருமாற்றைக் காண்போம். உயரம் ஏற ஏறக் காற்றுக் குளிரும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பம் குறைவது பொது விதி. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் நாம் உணரும் குளிர்ச்சிக்கு இதுவே காரணம். இமயத்திலோ 3,000 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்குகளிலும் மக்கள் வாழ்கின்றனர். மார்கழி முதல் பங்குனி வரையில், மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து ஈரங்கொண்டு வரும் மேலைக் காற்றுக் குலைவுகள் அம்மலைகளில் மோதுகின்றன. நமக்கு மழையாய்ப் பெய்யக்கூடியது அங்கே வெண்பனியாய்ப் பெய்கின்றது. ஒரு குலைவுக்கும் மறு குலைவுக்கும் இடையே தெளிந்த வானமுள்ள நாள்களும் உண்டு. ஆதலால் பனி ஒரே குவியலாய் நில்லாது, ஒரு புத்தகத்தின் ஏடுகளைப்போல அடுக்கடுக்காய்ப் படிகின்றது. ஒவ்வோர் அடுக்கும் தான் விழுந்த நாளின் குளிர், காற்று, வெயில் ஆகியவற்றுக்கேற்பத் தனித்தன்மை பெறுகின்றது.

இவ்வடுக்குகளின் வேறுபாடே இடரின் வேர். புதிதாய் விழுந்த பனி, அரைவை ஆலையில் கொட்டை நீக்கிய பஞ்சு போன்றது. ஒரு கன மீட்டரின் எடை 50 முதல் 100 கிலோ வரையே இருக்கும். காற்று அதனை அடித்து நெருக்கினால் அது பலகைபோல் இறுகும். அடியிலிருக்கும் பழம்பனியின் கதை வேறு. பனிப்போர்வையின் கீழுள்ள நிலம் உறைநிலைக்கு அண்மையான வெப்பத்தில் இருக்கும். மேலுள்ள காற்றோ கடுங்குளிராய் இருக்கும். இவ்வேறுபாட்டால் அடிப்பனியிலிருந்து நீராவி மெல்ல மேனோக்கிச் சென்று மீண்டும் உறைகின்றது. அங்ஙனம் உறைந்த பரல்கள் பெரியனவாயும், முனைகள் உடையனவாயும், ஒன்றோடொன்று பற்றாதனவாயும் இருக்கும். மேனாட்டு மலைவாணர் இதனைச் சர்க்கரைப் பனி என்பர். சேலம், நாமக்கல் மாவட்டத்தாராகிய நாம் ஜவ்வரிசிப் பனி என்று அழைத்தால் பொருள் இன்னும் நன்கு விளங்கும்.

கிழங்கு ஆலை முற்றத்தில் எவரும் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஒரு மரப்பலகையின்மேல் உலர்ந்த ஜவ்வரிசியை மெல்லப் பரப்பி, அதன்மேல் கனத்த அட்டையொன்றை வைத்துப் பலகையின் ஒரு முனையைச் சிறிது சிறிதாய் உயர்த்துக. ஓர் அளவு வரையில் அட்டை அசையாது கிடக்கும். அவ்வளவு கடந்ததும், அல்லது அட்டையை விரலால் சற்று அழுத்தியதும், அது முழுவதும் ஒருங்கே வழுக்கி இறங்கும். பனிமலையில் நிகழ்வதும் இதுவே. மேலே இறுகிய பலகை, கீழே பற்றில்லாத பரல், இரண்டையும் தாங்கும் சாய்வு, இறுதியாக ஒரு தூண்டுதல் ஆகிய நான்கும் கூடினால் சரிவு உண்டாகின்றது. புதுப்பனியின் சுமையும், மழையும், நில நடுக்கமும், ஒரு மனிதன் கால் வைத்தலும் தூண்டுதலாகலாம். மேனாடுகளில் பனிமலை ஏறிச் சரிவில் அகப்பட்டோருள் பெரும்பாலோர், தம்மாலோ தம் கூட்டத்தாராலோ தூண்டப்பட்ட சரிவிலேயே அகப்பட்டனர் என்று ஆராய்ந்தோர் கூறுவர். உரக்கக் கூவினால் பனி சரியும் என்பது கதைகளில் வருவதேயன்றி உண்மையன்று. குரலின் அதிர்வு அதற்குப் போதாது.

சாய்வைப் பற்றியும் ஒரு பிழையான எண்ணம் உண்டு. செங்குத்தான பாறைகளிலேதான் பனி சரியும் எனப் பலர் கருதுகின்றனர். மிகச் செங்குத்தான இடத்தில் பனி தங்குவதேயில்லை. அவ்வப்பொழுது சிறுகச் சிறுக உதிர்ந்துவிடும். பெரும்பாலான சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளிலேயே தொடங்குகின்றன. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறத்தாழ அவ்வளவே என்பதை நினைத்துப் பார்க்க. அன்றியும் சமதரையில் நிற்பவன் தப்பினான் என்பதும் இல்லை. மேலே தொடங்கிய சரிவு கீழுள்ள சாலையையும் பள்ளத்தாக்கையும் கடந்து ஓடும். அதன் எடையையும் நம் கணக்கிற் காண்போம். ஐம்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், அரை மீட்டர் கனமுள்ள இறுகிய பனிப்பலகை ஒன்று பெயர்ந்தால், கன மீட்டருக்கு 300 கிலோ வீதம் அதன் எடை 225 டன் ஆகும். பத்து டன் ஏற்றும் லாரிகள் இருபத்திரண்டின் பாரம் ஒரே வேளையில் இறங்கினாற் போன்றது அது. மலையளவில் நோக்கின் இது சிறு சரிவே.

இனி இளவேனிலின் செயலைக் காண்போம். குளிர்காலத்துப் பனிக்கும் இளவேனிற் பனிக்கும் உள்ள வேறுபாடு நீர் என்னும் ஒரு சொல்லில் அடங்கும். புதிய வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி எறிந்துவிடும். ஆதலின் வெயில் காய்ந்தும் அது எளிதில் உருகாது. நாட்பட்ட பனியோ அழுக்கேறி, ஈரமுற்று, ஒளியை மிகுதியாக உட்கொள்ளத் தொடங்கும். உட்கொள்ளுந்தோறும் உருகும்; உருகுந்தோறும் இன்னும் மிகுதியாக உட்கொள்ளும். உருகிய நீர் அடுக்குகளினூடே இறங்கிப் பரல்களுக்கு இடையேயுள்ள பிணைப்பைக் கரைக்கின்றது. சில இடங்களில் கீழே ஓர் இறுகிய அடுக்கின்மேல் தேங்கி, வழுக்குப் பாதை அமைத்துவிடுகின்றது. ஈரமேறிய பனியின் எடை கன மீட்டருக்கு 400, 500 கிலோ வரை உயர்கின்றது. உலர்ந்த பஞ்சுப் பொதியை ஏரியில் நனைத்துத் தூக்கிப் பார்த்தவன் இந்த வேறுபாட்டை அறிவான். ஈரச்சரிவு உலர்சரிவைவிட மெதுவாகவே ஓடும். எனினும் தன் கனத்தால் மரங்களை முறித்து, வண்டிகளைப் புரட்டி, நின்றவுடன் கற்காரைபோல் இறுகிவிடும்.

பகலில் இவ்வாறு இளகிய பனி இரவில் மீண்டும் உறைகின்றது. வானம் தெளிந்திருந்தால் பனி தன் வெப்பத்தை வானுக்கு வெளியிட்டு, விடியற்காலையில் மேலே கெட்டியான ஓடு ஒன்றைப் பூண்டு நிற்கும். அவ்வேளையில் அதன்மேல் நடப்பவன் கால் புதையாது. மலையும் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். கதிரவன் ஏற ஏற ஓடு இளகும்; கிழக்கு நோக்கிய சாரல் முதலிலும், தெற்கு நோக்கிய சாரல் அடுத்தும், மேற்கு நோக்கியது பிற்பகலிலும் இளகும். ஆதலால் மலைவாணர் இருட்டோடு புறப்பட்டு, நண்பகலுக்குமுன் ஆபத்தான சாரல்களைக் கடந்துவிடுகின்றனர். ஈண்டு நுட்பமான செய்தி ஒன்று உளது. இரவு முழுதும் மேகம் மூடி வெதுவெதுப்பாயிருந்தால், அம்மேகம் ஒரு கம்பளிபோல் நின்று பனியை உறையவிடாது தடுக்கும். அடுத்த நாட் காலையில் மலை ஏற்கெனவே இளகிய நிலையிலேயே இருக்கும். குளிரில்லாத இரவு நமக்கு இன்பமாய்த் தோன்றும். பனியை அறிந்தவனுக்கோ அது எச்சரிக்கை. இளவேனிற் பனியின் இடர் இனிமையாய்த் தோன்றும் பொழுதிலேயே ஒளிந்திருக்கின்றது என்பதே யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் கருத்து.

இக்கருத்தை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சிகள் நம் நாட்டிலேயே பல. 1979-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பகுதியில் அடுத்தடுத்து நேர்ந்த சரிவுகளில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், உத்தரகண்டத்தின் எல்லையோரச் சும்னா என்னுமிடத்தில் சாலை வேலையாட்களின் பாளையத்தின்மேல் பனி சரிந்தது. படையினர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரை மீட்டனர். எனினும் பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். சரிவுக்கு முந்திய நாள்களில் அங்கே விடாது மழையும் பனியும் பெய்திருந்தன. சித்திரை தொடங்கும் வேளையில் புதுப்பனியும் மழையும் ஒருங்கே விழுவது எத்துணைக் கொடிது என்பதற்கு இதுவே சான்று.

சிக்கிமில் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் நேர்ந்தது நம் மாணவர்க்கு இன்னும் நெருங்கிய பாடமாகும். காங்டாக்கினின்று நாதுலா கணவாய்க்குச் செல்லும் சாலையில், வெண்பனியைக் காண வந்து நின்ற பயணிகள்மேல் நண்பகல் வேளையில் பனி சரிந்து, எழுவர் மாண்டனர். அன்று பயணிகளுக்குப் பதின்மூன்றாம் மைல் வரையிலேதான் அனுமதி அளிக்கப்பட்டிருந்தது என்றும், பலர் அதனைக் கடந்து பதினைந்தாம் மைல் வரை சென்றனர் என்றும் அவ்வூர் அதிகாரிகள் கூறினர். அனுமதியின் எல்லை ஏடெழுதுவோன் விருப்பத்தாற் கிழித்த கோடன்று. அதற்கப்பாலுள்ள சாரலின் நிலையை அறிந்து வகுத்த கோடு. ஒரு புகைப்படத்தின் பொருட்டு இரண்டு மைல் மேற்செல்வது அற்பமாகத் தோன்றும். பனிக்கு அந்த அற்பம் தெரியாது.

எல்லாச் சரிவும் பொழுது பார்த்து வருவதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். பனியாற்றின் முகப்பிலும் உச்சிகளிலும் தொங்கும் உறைந்த பனிக்கட்டிச் சுவர்கள், இரவென்றும் பகலென்றும் பாராது முறிந்து வீழும். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில், சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் என்னும் காவல் நிலையின்மேல் அத்தகைய சுவரொன்று இடிந்து வீழ்ந்தது. நீலகிரி வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்துக் காவல் நிலை அது. அதில் புதையுண்டோர் பதின்மர். அவருள் நால்வர் தமிழ்நாட்டார். அந்நால்வருள் ஒருவர், முன்னாளில் நம் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தவர். பல அடி ஆழத்துப் பனிக்கட்டியை வெட்டித் தேடிய வீரர், ஆறு நாட்களுக்குப் பின் கன்னட நாட்டு லான்ஸ் நாயக் அனுமந்தப்பா கொப்பத் என்பவரை உயிரோடு கண்டெடுத்தனர். நாடு முழுதும் அவர் பிழைக்க வேண்டி நின்றது. ஆயினும் பிப்ரவரி 11-ஆம் நாள் டில்லி மருத்துவமனையில் அவர் உயிர் துறந்தார். மீண்டு வந்தவர் எவருமிலர். பனியே பெய்யாத ஊர்களின் தாய்மார் பனியால் மக்களை இழந்த நிகழ்ச்சி இது. வெண்பனி நமக்குப் புறம்பான பொருளன்று என்று யாம் தொடக்கத்திற் கூறியதன் முழுப்பொருளும் இதில் அடங்கும்.

புதையுண்டவர்க்கு நேர்வது யாது? அடிபட்டு இறப்போர் ஒரு பகுதியினர். பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறக்கின்றனர். தாம் விட்ட மூச்சே முகத்தின்முன் உறைந்து ஓர் ஓடாகிக் காற்றை மறைத்துவிடும். முதற் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டோருள் பதின்மரில் ஒன்பதின்மர் வரை பிழைக்கின்றனர் என்றும், அரை மணி கடந்தால் மூவரில் ஒருவரே பிழைக்கின்றனர் என்றும் சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளின் நீண்ட காலக் கணக்குகள் காட்டுகின்றன. எனவே தொலைவிலிருந்து வரும் மீட்புப் படையைவிட அருகே நிற்கும் தோழனே முதற் காப்பு. பனிமலை ஏறுவோர் ஒவ்வொருவரும் இடமறிவிக்கும் சிறு மின்னலைக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வாரி போன்ற பனிவாரி ஆகிய மூன்றையும் உடன்கொள்ளுதல் இதனாலேயே. ஒருவர் பின் ஒருவராய் இடைவிட்டுச் சாரலைக் கடப்பதும், அனைவரும் ஒருங்கே புதையாது எடுப்போர் சிலரேனும் எஞ்சுதற்பொருட்டே.

காற்றுக்கு இடமிருந்தால் உயிர் நீளும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பத்ரிநாதத்துக்கு அண்மையிலுள்ள மாணா சிற்றூரருகே, எல்லைச் சாலை வேலையாட்கள் 54 பேர் தங்கியிருந்த பாளையத்தின்மேல் பனி சரிந்தது. அவர்களுட் பலர் இரும்புப் பெட்டி அறைகளுக்குள் இருந்தனர். அவ்வறைகள் உருண்டும் நசுங்கியும் உள்ளே காற்றுக்கு இடம் வைத்திருந்தன. 46 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர், எண்மர் இறந்தனர். கூலிக்குச் சாலை போட வந்த ஏழைகளுக்கு அப்பெட்டிகளே அன்று கோட்டையாயின. எனினும் அவர்கள் உறங்கும் இடத்தைச் சரிவுப் பாதைக்கு விலக்கி அமைப்பதே மேலான காப்பு என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடரை முன்னறிய நம் நாட்டில் முயற்சிகள் இல்லாமலில்லை. பனியையும் சரிவையும் ஆராய்வதற்கென 1969-ஆம் ஆண்டில் மணாலியில் ஒரு நிலையம் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ் நிறுவப்பெற்றது. அது 2020-ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வுக்கூடத்தோடு இணைக்கப்பட்டு, சண்டிகரில் பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகின்றது. பனிப்பருவத்தில் மாவட்டவாரியாகச் சரிவு எச்சரிக்கைகளை அது வெளியிடுகின்றது. இத்தகைய எச்சரிக்கைகளைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. உலகெங்கும் வழங்கும் ஐந்து படி அளவையில் சாவுகளுள் மிகுதியானவை ஐந்தாம் படியில் நேர்வன அல்ல; நடுவிலுள்ள மூன்றாம் படியிலேயே நேர்கின்றன. ஐந்தாம் படியில் அனைவரும் வீட்டில் அடங்குகின்றனர். நடுப்படியிலோ பலர் வெளிச்செல்கின்றனர்.

வருங்காலம் இவ்விடரைக் குறைக்கும் எனவும் கருதுதற்கில்லை. வெப்பம் பெருகினால் பனி குறையும், பனி குறைந்தால் சரிவும் குறையும் என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் மேலை இமயத்தின் ஒரு சாரலில் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, சரிவால் அவை பட்ட வடுக்களை எண்ணி 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அண்மைப் பதிற்றாண்டுகளில் சரிவுகள் மிகுந்தன என்றே காட்டிற்று. குளிர்காலத்தின் இறுதியிலேயே பனி ஈரமுறுவதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இளவேனில் முன்னதாக வருகின்றது என்பதே இதன் பொருள்.

இனி மலைக்குச் செல்லும் நம்மவர் மனத்திற் கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துரைப்போம். அடர்ந்த காட்டினிடையே மரமற்ற நீண்ட வெள்ளைப் பட்டையொன்று மேலிருந்து கீழே ஓடினால், அது பனி சரிந்த பழைய பாதை. அதன் அடியில் வண்டியை நிறுத்தலும், உண்ண அமர்தலும் ஆகா. சாரலில் சிறு பனியுருண்டைகள் தாமாக உருண்டு வருதலும், காலடியில் விரிசல் ஓடுதலும், மூடிய பானை அமிழ்ந்தாற் போன்ற ஆழ்ந்த ஒலி கேட்டலும், முழங்காலளவு புதைதலும் திரும்புக என்னும் கட்டளைகள். புதுப்பனியோ மழையோ பெய்து ஒரு நாள் இரண்டு நாள் ஆகும்வரை பொறுத்தல் நன்று. கணவாயின் கதவை மூடிக் காவலர் நிறுத்தும்பொழுது, சரக்குக் கெடும் என்று வருந்தும் லாரி ஓட்டுநர் ஒருவர்க்கும், விடுமுறை கழியும் என்று வருந்தும் மாணவர் ஒருவர்க்கும் யாம் கூறுவது ஒன்றே: மூடிய சாலை பகையன்று, காலையில் உறைந்த பனியோடு அது மீண்டும் திறக்கும்.

மாணவ நண்பர்காள்! வெண்பனி மூடிய மலையைக் காண விரும்புதல் குற்றமன்று. கண்டு மகிழ்தலும் கல்வியின் ஒரு கூறே. ஆயின் அழகை நாடுவோன் அதன் இயல்பையும் அறிந்தே நாடுதல் வேண்டும். நம் ஊரில் ஏரி நிறைந்திருக்கும்பொழுது ஆழமறியாத பிள்ளையைக் கரையிலிருக்கும் முதியோர் இறங்கவிடார். அவர் சொல்லை நாம் கேட்கிறோம். மலைநாட்டு முதியோர்க்குப் பனியின் ஆழம் தெரியும். அங்கே செல்லும் நாம் அவ்வூரார் சொல்லுக்குச் செவிசாய்த்து, வானத்தையும் பொழுதையும் பார்த்து, சென்றவர் அனைவரும் குறைவின்றித் திரும்பி வருவோமாக.